அமெரிக்கப் படைச் சேவைப் பதிவில் பிழை இருந்தால்: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வன்னியில் ‘ஆமி’ என்று சொன்னால் எந்த ஆமி என்று ஒருவரும் திருப்பிக் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த ஆமியைப் பற்றியதல்ல. அமெரிக்கப் படையில் சேவை செய்துவிட்டு வந்த, அல்லது அங்கேயே இருக்கிற, அல்லது இறந்துபோன நம் பிள்ளைகளின் சேவைப் பதிவுகளைப் பற்றியது.

அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: 2009 இல் அமெரிக்கா ‘மாவ்னி’ என்ற ஆட்சேர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. கிரீன் கார்ட் இல்லாவிட்டாலும் சட்டப்படி அங்கே தங்கியிருந்த மாணவர்கள், அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் போன்றோரை மொழியறிவுக்காகவும் மருத்துவத் தகுதிக்காகவும் படையில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது, சிங்களமும் இருந்தது. 2016 இல் புதிய சேர்ப்பு நின்றுவிட்டது. இதைத் தவிர, கிரீன் கார்ட் கிடைத்தபின் நேரடியாகச் சேர்ந்தவர்களும் உண்டு. எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் பிழை வந்தால் அதை எங்கே கொண்டுபோவது என்று கேட்க கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு வாசல் இல்லை. கச்சேரிக்குத் தெரியாது, பிரதேச செயலகத்துக்கும் தெரியாது. வவுனியாவில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்காரருக்கும் இது புதிது.

பிழை திருத்த நினைக்கும் எல்லாரும் முதலில் படிவத்தைத் தேடுகிறார்கள். அது தலைகீழ். முதலில் தேட வேண்டியது கோப்பு. அமெரிக்கப் படையின் கோப்புக்குள்ளேயே, அந்தக் காலத்தில் அவர்களே எழுதி வைத்த ஒரு தாள் உங்கள் பக்கம் பேசுமானால், இங்கிருந்து கொண்டுபோகும் பத்துச் சத்தியக் கடதாசியைவிட அது வலியது. பதுங்குகுழிக்கும் முகாமுக்கும் நடுவில் வீட்டுக் கடதாசிகளைத் தொலைத்த நமக்கு இது நல்ல செய்திதான்.

எந்தத் தாளில் என்ன பார்க்க வேண்டும்

படையிலிருந்து விலகும்போது கொடுக்கும் பிரதான தாள் ‘டிடி 214’. 1950 முதல் இந்தப் பெயர்தான். பெயர், பிறந்த திகதி, பதவி நிலை, சேர்ந்த நாள், விலகிய நாள், எங்கே இருந்தார், என்ன பதக்கம், எப்படிப்பட்ட விலகல் எல்லாம் அந்த ஒரே தாளில் கட்டம் கட்டமாக இருக்கும். 1 ஆம் கட்டம் பெயர். 5 ஆம் கட்டம் பிறந்த திகதி. 12 ஆம் கட்டம் சேவைக் காலக் கணக்கு. 13 ஆம் கட்டம் பதக்கங்களும் நாடாக்களும். 18 ஆம் கட்டம் குறிப்புகள். 24 ஆம் கட்டம் சேவையின் தன்மை, அதாவது கௌரவமான விலகலா இல்லையா என்பது.

கையில் இருக்கும் பிரதி எது என்றும் பாருங்கள். ‘மெம்பர் 1’ என்று அடியில் இருந்தால் அது சுருக்கப் பிரதி. அதில் விலகலின் தன்மையும் காரணமும் இருக்காது. ‘மெம்பர் 4’ தான் முழுப் பிரதி. சுருக்கப் பிரதியை வைத்துக்கொண்டு ‘கௌரவமான விலகல் என்று போடவில்லையே’ என்று பதறும் பெற்றோர் உண்டு. அங்கே பிழையே இல்லை, பிரதிதான் வேறு.

தேசியக் காவற்படையில் இருந்தவருக்கு ‘என்ஜிபி 22’ என்ற வேறு தாள். அது அந்தந்த மாநிலத்தின் படைத் தலைமையகத்தில் கிடைக்கும். ரிசேர்வ் படையில் இருந்து, தொடர்ந்து 90 நாள் முழுநேரச் சேவைக்குப் போகாதவருக்கு டிடி 214 பொதுவாகக் கொடுக்கப்பட்டிருக்காது. இல்லாத தாளைத் தொலைந்துவிட்டது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

கோப்பை வரவழைப்பது

விலகியவர்களின் கோப்புகளுக்குப் பொறுப்பான இடம் மிசூரி மாநிலத்தின் சென்ட் லூயிஸ் நகரில் உள்ள தேசிய ஆளணிப் பதிவு மையம். கேட்கும் படிவம் ‘எஸ்எஃப் 180’. கட்டணம் இல்லை. படைவீரர் உயிரோடு இருந்தால் அவர்தான் கேட்க வேண்டும், அவருடைய கையெழுத்துத்தான் வேண்டும். இறந்திருந்தால் மறுமணம் செய்யாத கணவன் அல்லது மனைவி, தாய், தகப்பன், பிள்ளைகள், சகோதரர்கள் கேட்கலாம். மாமாவும் மச்சானும் நெருங்கிய உறவு என்பது நம் கணக்கு. அவர்கள் பட்டியலில் இல்லை.

படைவீரர் இணையவழியிலேயே கேட்கலாம். ‘மில்கனெக்ட்’ என்ற தளத்தில் அண்மைக் காலத்தில் விலகியவர்களின் கோப்பு நேரடியாக இருக்கும், இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத, விசுவமடுவில் இருக்கும் தாய்க்கு அந்த அடையாளச் சரிபார்ப்புப் பெரும்பாலும் சரிவராது. அவர் எஸ்எஃப் 180 ஐ அச்சிட்டு, நிரப்பி, கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். இன்னொரு வழி, நியூ ஜேர்சியிலோ டொராண்டோவிலோ இருக்கும் ஒரு சொந்தக்காரரைத் தன் சார்பில் நியமிப்பது. ‘என் மகனின் முழுக் கோப்பையும் இன்னாருக்குக் கொடுக்க ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம், கையெழுத்து, திகதி. அந்தக் கடிதம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

படிவத்தில் ஒரு முக்கியமான இடம்: டிடி 214 மட்டும் வேண்டுமா, முழுக் கோப்பும் வேண்டுமா என்ற கேள்வி. முழுக் கோப்பையும் கேளுங்கள். பிழை டிடி 214 இல் இருக்கும், அது பிழை என்று காட்டும் தாள் மற்றதில் இருக்கும். படையில் சேரும்போது நிரப்பிய ‘டிடி 1966’, ஒப்பந்தமான ‘டிடி 4’, இட மாற்றக் கட்டளைகள், பதக்கக் கட்டளைகள், சம்பளத் தாள்கள் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும். மருத்துவக் கோப்பு வேறு, அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

இறந்தவரின் கோப்பைக் கேட்பவர் இறப்புச் சான்று இணைக்க வேண்டும். சேவையில் இருக்கும்போதே இறந்திருந்தால் படை கொடுத்த ‘டிடி 1300’ என்ற அறிக்கை வீட்டில் இருக்கும், அது போதும்.

அமெரிக்காவில் எல்லாம் ஒழுங்காகக் கணினியில் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். 1973 ஜூலை 12 இல் இதே சென்ட் லூயிஸ் மையத்தில் தீப்பிடித்து 16 முதல் 18 மில்லியன் கோப்புகள் அழிந்தன. பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை, என்ன இருந்தது என்ற அட்டவணைகூட இருக்கவில்லை. சம்பள வவுச்சர் போன்ற துணைத் தாள்களிலிருந்துதான் இன்றுவரை அந்தச் சேவைகளைத் திரும்பக் கட்டி எழுப்புகிறார்கள். நம் பிள்ளைகளின் கோப்புகள் அதற்குப் பிந்தியவை, எரிந்தவற்றில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘மூலப் பத்திரம் போரில் அழிந்துவிட்டது, அதனால் இந்தத் துணைப் பத்திரங்களைத் தருகிறேன்’ என்று எழுதுவதற்குக் கூச வேண்டாம். அந்த வசனம் அவர்களுக்குப் புரியும் வசனம்.

பெயரும் பிறந்த திகதியும்

நம் ஆட்களின் பதிவுகளில் சிக்கல் கூடுதலாக வருவது இந்த இரண்டில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நாம் தகப்பன் பெயரை முன்னால் போட்டு நம் பெயரைப் பின்னால் போடுகிறோம். அமெரிக்கப் படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர், நடுப்பெயர் என்று மூன்று பெட்டி வைத்திருக்கிறது. பாஸ்போட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருந்தால் பயிற்சி முகாமில் சார்ஜண்ட் பிள்ளையைத் தகப்பன் பெயரைச் சொல்லித்தான் அதட்டியிருப்பார். பாஸ்போட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் சொந்தப் பெயருக்குரிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பிறகு அதுவே பெயராகப் பல தாள்களில் ஏறிவிடும். எழுத்துக்கூட்டல் இன்னொரு கதை. ‘த’ ஒலிக்கு ஒருவர் ஓர் ஆங்கில எழுத்துப் போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். ‘ழ’ வந்தால் சொல்லவே வேண்டாம்.

இவற்றில் எது பிழை, எது பிழையல்ல என்று படை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் விஷயம். சேரும்போது ஒப்பந்தத்தில் என்ன பெயர் இருந்ததோ அந்தப் பெயரில் டிடி 214 இருந்தால், படையின் பார்வையில் அது சரியான பதிவு. குடியுரிமை எடுக்கும்போது பெயரைச் சுருக்கிக்கொண்டேன், கலியாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொண்டேன் என்று பிறகு கேட்டால் பொதுவாக மறுத்துவிடுவார்கள். பதிவு அன்றைய நிலையைக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் விண்ணப்பமும் முடிவும் அதே கோப்பில் சேர்க்கப்படும், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று பிற்காலத்தில் காட்ட அது உதவும். ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துக்கூட்டலும் டிடி 214 இல் வேறொன்றும் இருந்தால் மட்டும் அது தட்டெழுத்துப் பிழை, சுலபமாகத் திருத்தலாம். ஆகவே டிடி 4 ஐயும் டிடி 214 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பெயர்த் திருத்தத்துக்கு எழுதவே வேண்டாம்.

பிறந்த திகதிக்கு வருவோம். நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். அவர்கள் மாதம், நாள், வருடம். மார்ச் 5 ஆம் திகதி பிறந்தவர் 05/03/1987 என்று எழுதிக் கொடுத்தால் அங்கே மே 3 ஆகிவிடும். டிடி 214 இன் 5 ஆம் கட்டத்தில் வருடம், மாதம், நாள் என்று எட்டு எண்களாக இருக்கும், 19870503 என்று கண்டால் உடனே சந்தேகப்படுங்கள். பிறந்த நாள் 12 ஐத் தாண்டியிருந்தால் இந்தக் குழப்பம் வராது.

இதற்கு நம்மிடம் ஒரு நல்ல சான்று இருக்கிறது, ஆனால் அது சான்று என்று நமக்கே தோன்றுவதில்லை. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எல்லா வருடத்துக்கும் பெப்ரவரியை 29 நாளாக வைத்துத்தான் கணக்கு. 87065 என்று தொடங்கும் இலக்கம் ஜனவரி 31, பெப்ரவரி 29, பிறகு 5, அதாவது 1987 மார்ச் 5. மே 3 என்றால் 87124 என்று வந்திருக்கும். படையில் சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, 16 வயதளவில் கொடுத்த அட்டை. பிறகு யாரும் வசதிக்கு மாற்றியிருக்க முடியாது. அமெரிக்க அதிகாரிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அட்டையின் பிரதியோடு நாலு வரியில் விளக்கி எழுதி இணையுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் வேறு ஒரு சிக்கல். போருக்குப் பிறகு எடுத்த பிரதியில் வழங்கிய திகதி 2010, 2011 என்று இருக்கும். 1987 இல் பிறந்தவருக்கு 2011 இல் ஏன் சான்றிதழ் என்று பார்ப்பவர் புருவத்தை உயர்த்துவார். பிறப்பைப் பதிந்த திகதி வேறு, இந்தப் பிரதியை வழங்கிய திகதி வேறு என்று மொழிபெயர்ப்பில் தெளிவாக வரவேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் இதைச் சொல்லிச் செய்வியுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும், பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அவருடைய முத்திரை இதற்குக் காணாது. பிறப்பே காலம் கடந்து பதியப்பட்டிருந்தால் இடம்பெயர்வை இரண்டு வரியில் சொல்லுங்கள்: 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியது, பிறகு வன்னிக்கு வந்தது, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தது. ஊர்ப் பெயரும் வருடமும் போதும்.

தாய் விண்ணப்பிக்கிறார் என்றால் மகனின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தாயின் பெயரும் அவருடைய இன்றைய அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒன்றில் கலியாணத்துக்கு முந்திய பெயர், மற்றதில் கணவன் பெயர் சேர்ந்தது. இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்துவிடுங்கள். எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டால் வெளிநாட்டுத் தேவைக்கு என்று சொன்னால் போதும். அதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பதக்கங்கள்

பதக்கத்தில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, நிபந்தனை நிறைவேறினாலே உரித்தாவது. மற்றது, மேலதிகாரி ஒருவர் பரிந்துரைத்து, இன்னொருவர் ஒப்பமிட்டால்தான் வருவது. இதைப் பிரித்தறியாமல் எழுதுகிற கடிதங்கள்தான் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன.

முதலாவது இனத்துக்கு உதாரணம்: 2001 செப்ரெம்பர் 11 க்கும் 2022 டிசெம்பர் 31 க்கும் இடையில் கௌரவமாக முழுநேரச் சேவை செய்தவருக்குத் தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம். கொரியாவில் தொடர்ந்து 30 நாள் அல்லது விட்டுவிட்டு 60 நாள் பணியில் இருந்தவருக்குக் கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம். ஆப்கானிஸ்தான் போர்ப் பதக்கத்துக்கும் அதே 30, 60 நாள் கணக்கு. தரைப்படையில் ஆரம்பப் பயிற்சி முடித்தவருக்கு ஒரு சேவை நாடா. இவற்றில் ஒன்று 13 ஆம் கட்டத்தில் விடுபட்டிருந்தால், அங்கே இருந்தார் என்று காட்டும் இட மாற்றக் கட்டளையோ சம்பளத் தாளோ போதும். படை தன் பதிவைத் தானே சரிபார்த்துச் சேர்க்கும்.

இரண்டாவது இனம் அப்படியல்ல. சாதனைப் பதக்கம், பாராட்டுப் பதக்கம் போன்றவற்றுக்கு ‘டிஏ 638’ என்ற பரிந்துரைப் படிவமும் நிரந்தரக் கட்டளை எண்ணும் இருக்க வேண்டும். விலகும் நாள் நெருங்கும்போது பதக்கத்துக்கு எழுதியிருப்பார்கள், கட்டளை வருவதற்குள் டிடி 214 அச்சாகி முடிந்திருக்கும். இது அடிக்கடி நடப்பது. வீட்டில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய சான்றிதழ் இருக்கிறதா? கழற்றிப் பாருங்கள். கட்டளை எண்ணும் திகதியும் அதில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லாவிட்டால் டிஏ 638 ஐக் கோப்பில் தேட வேண்டும்.

நன்னடத்தைப் பதக்கத்தை எல்லாரும் தானாக வருவது என்று நினைக்கிறார்கள். மூன்று வருடச் சேவை மட்டும் போதாது, கட்டளை அதிகாரி ஒப்பமிட வேண்டும். காயத்துக்கான பேப்பிள் ஹார்ட்டுக்கு எதிரியின் தாக்குதலால் வந்த காயம் என்பதற்கும் அதற்கு மருத்துவச் சிகிச்சை நடந்தது என்பதற்கும் அந்த நேரத்து மருத்துவக் குறிப்பு வேண்டும், கூட இருந்த நண்பனின் கடிதம் மட்டும் போதாது. யாருமே பரிந்துரைக்காத வீரப் பதக்கத்தை வருடங்கள் கழித்துக் கேட்பதானால் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வாக்குரிமையுள்ள சொந்தக்காரர் இருந்தால் அவருடைய தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லலாம்.

டிடி 214 இல் பதக்கம் இருக்கிறது, பொருள்தான் கையில் இல்லை என்றால் அது திருத்தமே அல்ல. எஸ்எஃப் 180 இலேயே பதக்கத்தைக் கேட்கலாம்.

எங்கே எழுதுவது

சென்ட் லூயிஸ் மையம் கோப்பைக் காக்கும் இடம், தீர்ப்புச் சொல்லும் இடமல்ல. தட்டெழுத்துப் பிழையும், கட்டளை எண் உள்ள பதக்கமும் படைப் பிரிவின் ஆளணி அலுவலகத்துக்குப் போக வேண்டும். தரைப்படைக்கு அது கெண்டக்கியின் ஃபோட் நொக்ஸில் உள்ள மனிதவளக் கட்டளையகம். அவர்கள் ஏற்றுக்கொண்டால் ‘டிடி 215’ என்ற தாள் வரும். பழைய டிடி 214 ஐத் திருத்தி எழுத மாட்டார்கள், இந்த 215 அதனோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் எப்போதும் சேர்த்தே காட்ட வேண்டும்.

அவர்கள் மறுத்தால், அல்லது விஷயம் தட்டெழுத்தைத் தாண்டியது என்றால், பதிவுத் திருத்த வாரியத்துக்குப் போக வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஒவ்வொன்றுக்கும் தனி வாரியம். மரைன் படை கடற்படை வாரியத்தோடு, விண்வெளிப்படை விமானப்படை வாரியத்தோடு. படிவம் ‘டிடி 149’. கட்டணம் இல்லை. பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். தாண்டிவிட்டாலும் நீதியின் நலனுக்காக ஏற்கும்படி கேட்டு, ஏன் தாமதம் என்று எழுத ஒரு இடம் இருக்கிறது. அதை வெறுமையாக விடாதீர்கள்.

விலகலின் தன்மையை உயர்த்துவது வேறு வழி: ‘டிடி 293’, விலகி 15 வருடத்துக்குள். 15 வருடம் தாண்டினால் திரும்பவும் டிடி 149. இதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, படைச் சேவை வழியாகக் குடியுரிமை பெற்றவர் ஐந்து வருடச் சேவை முடியுமுன் கௌரவமற்ற முறையில் விலக்கப்பட்டால் அந்தக் குடியுரிமையே கேள்விக்குள்ளாகலாம். அப்படிப்பட்ட வழக்கில் தனியே படிவம் நிரப்ப உட்கார வேண்டாம், குடிவரவும் படைச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும்.

டிடி 149 ஐ எழுதும் விதம் பற்றி ஒரு வார்த்தை. அரச அதிபருக்கு மகஜர் எழுதிப் பழகிய கை நம்முடையது. ‘பெருமதிப்புக்குரிய ஐயா’வில் தொடங்கி, இழந்த காணி, இழந்த பிள்ளை, இன்றைய வறுமை எல்லாம் சொல்லி, கடைசி வரியில்தான் கேட்பது என்ன என்று வருவோம். இங்கே அதைத் திருப்பிப் போட வேண்டும். முதல் வரியில் கேட்பது: ‘5 ஆம் கட்டத்தில் 19870503 என்பதை 19870305 என்று மாற்றவும்.’ அடுத்து காரணம், இரண்டு மூன்று வரி. அடுத்து இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் எண். ‘இணைப்பு 2, டிடி 1966, முதற்பக்கம், சரியான திகதி உள்ளது’ என்று விரலால் காட்டுவதுபோல எழுதுங்கள். படையின் அலுவலர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் வாசிக்கத் தொடங்குகிறது. அந்த அனுமானத்தை உடைப்பது உங்கள் பொறுப்பு. இரங்கலால் அது உடையாது.

மூலப் பத்திரங்களை அனுப்பவே கூடாது. தெளிவான கொப்பி போதும்.

வாரியம் கடதாசியிலேயே தீர்மானிக்கும். நேரில் கூப்பிடுவது அபூர்வம், கொழும்புக்கோ அமெரிக்காவுக்கோ போகத் தேவையில்லை. சில வழக்குகளில் நிபுணர் ஒருவரின் அபிப்பிராயத்தை வாரியம் கேட்டு வாங்கும், அது பாதகமாக இருந்தால் அதன் பிரதியை உங்களுக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அந்தக் கடிதம் வந்த பிறகு கால அவகாசம் குறைவு. முகவரி மாறினால் உடனே அறிவியுங்கள். ‘பாடசாலைக்கு முன்னால், ஆலமரத்தடி’ என்ற முகவரி முறிகண்டித் தபால்காரருக்குப் போதும், வேர்ஜீனியாவிலிருந்து வரும் கடிதத்துக்குப் போதாது. மின்னஞ்சல் முகவரி ஒன்றைக் கட்டாயம் கொடுங்கள், அதை ஒழுங்காகத் திறந்து பார்க்கிற ஒருவருடையதாக இருக்கட்டும்.

பத்தில் ஒன்பது விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும் எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு வருடத்துக்குத் தயாராக இருங்கள். முடிவு பாதகமானால் புதிய சான்று கிடைக்கும்போது மீள்பரிசீலனை கேட்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. ஆனால் பழைய கடிதத்தையே கொஞ்சம் கோபமாகத் திரும்ப எழுதுவது புதிய சான்று ஆகாது. வாரியங்களின் பழைய முடிவுகள் பெயர் நீக்கப்பட்டு இணையத்தில் பொதுவில் உள்ளன. உங்களுடையதைப் போன்ற வழக்கு ஒன்றைத் தேடி வாசித்தால், எந்தத் தாள் இல்லாததால் அவர் தோற்றார் என்பது தெரியும். அந்தத் தாளைத் தேடிக்கொண்டு தொடங்கலாம்.

காசும் ஆபத்தும்

இதில் எந்தப் படிவத்துக்கும் அமெரிக்க அரசு காசு வாங்குவதில்லை. மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, தபால், இவ்வளவுதான் செலவு. அமெரிக்கன் லீஜன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாக உதவுகிறார்கள். பிள்ளையின் கூடச் சேவை செய்த நண்பர்கள் மூலம் அவர்களை அணுகுவது சுலபம். ‘பென்டகனில் ஆள் இருக்கிறது’ என்று சொல்லி இலட்சத்தில் பேசுகிறவரிடம் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

டிடி 214 இல் சமூகப் பாதுகாப்பு எண் இருக்கும். கடன் எடுக்கவும் கணக்குத் திறக்கவும் அந்த எண் போதும். முழுத் தாளையும் படமெடுத்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுவது நம் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். கொப்பிக் கடையின் கணினியில் ஸ்கான் செய்தால் கோப்பை அழித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

தொலைபேசியில் கேட்க நினைப்பவர்களுக்கு: சென்ட் லூயிஸ் நம்மைவிடக் கோடையில் பத்தரை மணித்தியாலம், மாரியில் பதினொன்றரை மணித்தியாலம் பிந்தியது. அவர்கள் காலையில் கதவு திறக்கும்போது இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.

215 வந்த பிறகு

தாள் வந்தவுடன் திருத்தம் எல்லா இடத்துக்கும் தானாகப் போகாது. முன்னாள் படைவீரர் விவகாரத் திணைக்களத்தில் ஏற்கெனவே ஒரு கோரிக்கை இருந்தால் அங்கே ஒரு பிரதி. பிறந்த திகதி திருந்தியிருந்தால் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும் குடியுரிமைக் கோப்புக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அவை வேறு திணைக்களங்கள், ஒன்று சொல்வதை மற்றது கட்டாயம் ஏற்க வேண்டும் என்றில்லை. புதிதாகச் சேர்ந்த பதக்கத்தை அனுப்பும்படி கேட்கவும் மறக்க வேண்டாம். விநியோக முகவரி அமெரிக்காவில் இருக்கும் உறவினருடையதாக இருந்தால் நல்லது. சுங்கத்தில் ஒரு உலோகப் பதக்கத்தை என்ன பொருளென்று விளக்கிக்கொண்டு நிற்கும் தொல்லை இருக்காது, அவர் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவரலாம்.